ராத்திரியில் எழுப்பும் இடுப்பு வலி

கேள்வி: என் மகனுக்கு வயது 21. எட்டு மாதமாக வலது தொடையிடுக்கில் வலி. சில நாள் முழங்காலில் வலிக்கிறது என்கிறான். நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். வலி மாத்திரை போட்டால் அரைமணியில் தூங்கிவிடுகிறான். முழங்கால் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. இடுப்பு எம்.ஆர்.ஐ.யில் எலும்புக்குள் நீர் கோத்திருக்கிறது என்று வந்தது. ஒரு டாக்டர் டி.பி. என்கிறார், இன்னொருவர் கட்டி என்கிறார். புற்றுநோயாக இருக்குமோ?

பதில்: அம்மா, நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த மாத்திரைதான். ராத்திரியில் கூடும் வலி, சாதாரண வலி மாத்திரைக்குச் சட்டென்று அடங்குகிறது, வயது 21 என்றால் 'ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா' என்ற கட்டியைத்தான் முதலில் சந்தேகிப்பேன். இது புற்றுநோய் இல்லை. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. தொடை எலும்பின் கழுத்து, அதாவது இடுப்பு மூட்டுப் பந்துக்குக் கீழே உள்ள குறுகலான பகுதி, இதற்குப் பிடித்த இடம். பெண்களைவிட ஆண் பிள்ளைகளுக்கே அதிகம் வரும்.

கட்டியின் கரு பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. அது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை ஏராளமாகச் சுரப்பதால்தான் அவ்வளவு வலி. அந்தச் சுரப்பை மாத்திரை தடுப்பதால் தூக்கம் வருகிறது. மூட்டுக்குள் இருக்கும்போது சுற்றிலும் நீர் சேர்ந்து வீங்கும். எம்.ஆர்.ஐ.யில் அந்த வீக்கமே பெரிதாகத் தெரிந்து, கரு மறைந்துவிடும். டி.பி., மூட்டுவாதம் என்று சந்தேகம் போவது அதனால்தான். இடுப்பு வலி முழங்காலில் தெரிவதும் சகஜம்.

இப்போது தேவை, இடுப்புக்கு மெல்லிய வெட்டுகளாக, ஒரு மில்லிமீட்டர் அளவில் எடுக்கும் சி.டி. ஸ்கேன். எலும்பில் கறுப்பாக ஒரு சின்ன வட்டம், சில சமயம் அதன் நடுவே எள்ளளவு வெள்ளைப் புள்ளி தெரியும். அதைப் பார்க்காமல் டி.பி. மாத்திரையைத் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. காய்ச்சல், எடை குறைவு, வெளியே தட்டுப்படும் வீக்கம், மாத்திரைக்கு அடங்காத வலி இருந்தால் கணக்கே வேறு, உடனே காட்டுங்கள்.

முன்பெல்லாம் எலும்பை வெட்டித்தான் எடுப்போம். உடம்பின் பாரத்தைத் தாங்கும் கழுத்துப் பகுதியில் அப்படி வெட்டினால் பிறகு முறிந்துவிடுமோ என்ற பயம் இருக்கும். இப்போது மயக்க மருந்து கொடுத்து, சி.டி.யில் பார்த்தபடியே கருவுக்குள் ஊசியைச் செலுத்தி, ரேடியோ அலையால் 90 டிகிரி செல்சியஸில் சுமார் ஆறு நிமிடம் சுட்டுவிடுகிறோம். அதே துளை வழியே பயாப்சிக்கும் (திசுப் பரிசோதனை) கொஞ்சம் எடுக்கலாம். பெரும்பாலும் மறுநாளே வீட்டுக்குப் போகலாம். சில நாளில் அந்த ராத்திரி வலி போய்விடும். ஓட்டம், குதித்தல், கிரிக்கெட் மட்டும் மூன்று மாதம் வேண்டாம். சிலருக்கு வலி திரும்பி, இரண்டாம் முறை சுட நேரும்.

சில வருடங்களில் தானாகவே அடங்குவதும் உண்டு. ஆனால் அதுவரை தினமும் மாத்திரை விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் தாங்க வேண்டுமே! அதனால் மூட்டுக்குள் இருக்கும் கட்டியைச் சுட்டுவிடச் சொல்வதே என் வழக்கம்.

எலும்பு மருத்துவரிடம் போகும்போது ரிப்போர்ட்டை மட்டுமல்ல, எம்.ஆர்.ஐ. படங்களையும் சி.டி. படங்களையும் எடுத்துப் போங்கள். மாத்திரை போட்ட நேரத்தையும் வலி நின்ற நேரத்தையும் ஒரு வாரம் குறித்து வைத்து, அதையும் காட்டுங்கள்.