ஒராங்கியும் எங்கள் சந்தும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கராச்சியின் ஒராங்கி குடியிருப்பில் மக்களே காசு போட்டுப் பாதாள சாக்கடை அமைத்துக்கொண்டதைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். அதை அச்செடுத்து எங்கள் சந்தில் நாலு பேருக்குக் கொடுத்தேன். அதுவே வினையாகிவிட்டது.

மதுரையில், வைகைக்கு வடக்கே, 32 வீடுகள் உள்ள சந்து எங்களுடையது. ஆறு வருடங்களுக்கு முன் போட்ட சாக்கடை, மழை பெய்தால் எதிர்த்துக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது. போன வருடம் ஒரு தொண்டு நிறுவனத்தார் ஷாமியானா போட்டு, சார்ட் பேப்பரில் எங்கள் 'கனவுத் தெரு'வை வரையச் சொன்னார்கள். வரைந்தோம். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அதோடு சரி. இப்போது உங்கள் கட்டுரையைப் படித்த இளைஞர்கள், வீட்டுக்கு 5,000 ரூபாய் வசூலித்து நாமே தோண்டிவிடலாம், அடைப்பையும் நாமே இறங்கி எடுத்துவிடலாம் என்கிறார்கள். எதிர்வீட்டு அக்காவோ, "வீட்டு வரியும் கட்டி, சாக்கடை டெபாசிட்டும் கட்டி, குழியும் நாமே வெட்ட வேண்டுமா? பிறகு மாநகராட்சி எதற்கு?" என்று கேட்கிறார். இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

நான் உங்கள் எதிர்வீட்டு அக்காவின் கட்சி. ஒராங்கியைப் பற்றி அவ்வளவு உருகி எழுதியவன் இப்படிச் சொல்வது உங்கள் இளைஞர்களுக்கு எரிச்சலாக இருக்கும். தவறு என்னுடையது. மக்கள் காசு போட்டார்கள் என்பதை அழுத்திச் சொன்ன நான், எதற்குப் போட்டார்கள், எதை அரசின் தலையில்தான் வைத்தார்கள் என்பதை விட்டுவிட்டேன்.

இந்த வேலையைத் தொடங்கிவைத்த சமூகப் பணியாளர் அக்தர் ஹமீத் கான் 1980இல் ஒராங்கிக்குள் நுழைந்தபோது அவருக்கு வயது 65. வெள்ளையர் காலத்து ஐ.சி.எஸ். அதிகாரி வேலையை உதறிவிட்டு, அலிகார் பக்கத்துக் கிராமமொன்றில் பூட்டுத் தொழிலாளியாக இருந்து பார்த்த மனிதர். கையில் திட்டம் என்று எதையும் கொண்டு வரவில்லை. மாதக்கணக்கில் சந்து சந்தாக நடந்தார், கேட்டார். அங்கே இருந்தவர்களில் பலர் பீகாரிலிருந்து கிழக்குப் பாகிஸ்தானுக்கும் (இன்றைய வங்கதேசம்), 1971க்குப் பிறகு அங்கிருந்து கராச்சிக்கும் என இரண்டு முறை வேரறுந்தவர்கள். பட்டாணியரும் பஞ்சாபியரும் பக்கத்துச் சந்துகளில். தரகர்களிடம் மனை வாங்கி, கடனுக்கு சிமென்ட் கல் வாங்கிக் கட்டிய வீடுகள். உங்களைப் போல டெபாசிட் ரசீதை நீட்டிச் சண்டை போட அவர்களுக்கு வழியில்லை. இந்த வேறுபாட்டை உங்கள் இளைஞர்களிடம் சொல்லுங்கள்.

கானும் தோழர்களும் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். கழிப்பறை, சந்துக் குழாய், சந்துகளைச் சேர்க்கும் துணைக் குழாய் ஆகியவை குடியிருப்போர் பொறுப்பு. ஊர் முழுவதன் கழிவையும் வாங்கிக்கொள்ளும் பெருங்குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் பொறுப்பு. 20, 30 வீடுகள் சேர்ந்து தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பணம் வசூலிப்பதும் செலவழிப்பதும் அவர் வேலை. கானின் அமைப்பான ஒராங்கி முன்னோடித் திட்டத்தார் அந்தப் பணத்தைத் தொடவில்லை, குழாய்க்கென்று ஒரு காசு கொடுக்கவும் இல்லை. அளந்து கொடுத்தார்கள், மதிப்பீடு போட்டார்கள், கருவிகளை இரவல் தந்தார்கள். தொடக்க ஆண்டுகளில் வீட்டுக்குச் சுமார் 1,000 பாகிஸ்தான் ரூபாயில் முடிந்தது. காலப்போக்கில் 90,000க்கும் மேற்பட்ட வீடுகள் சேர்ந்தன.

செலவு 1,000 ரூபாய்க்குள் எப்படி அடங்கியது? கான்டிராக்டரின் லாபமும் கமிஷனும் கழிந்ததில் ஒரு பகுதி. மிச்சம், தோற்றுத் தோற்றுக் கற்றதில். முதலில் கட்டிய மேன்ஹோல்கள் சரியாக வரவில்லை. என்ன என்று பார்த்தால், கலவையில் கணக்கு இல்லை. கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றி ஆறவிடும் பழக்கமும் இல்லை. இரும்பு அச்சு செய்து, அதை வைத்து அந்தந்த இடத்திலேயே வார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். வீட்டிலிருந்து வரும் குழாய் சந்துக் குழாயில் சேருமுன் ஒரு சின்னத் தொட்டி; கெட்டியானது அதில் தங்கிவிடும், குழாய் அடைக்காது. சார்ட் பேப்பரில் கனவுத் தெரு வரைந்தால் இந்தத் தொட்டி வராது. (ஷாமியானா வாடகைக்கு நாலு இரும்பு அச்சாவது செய்திருக்கலாம்.)

ஆனால் இரண்டாவது பாதி சரியாக நடக்கவில்லை. பெருங்குழாய் வராத இடங்களில் சந்துகளின் கழிவு பக்கத்து ஓடைகளில் விழுந்தது. அங்கிருந்து கடலுக்குப் போனது, சுத்திகரிக்கப்படாமலே. வாசற்படியை விட்டுப் போனதே தவிர, ஊரை விட்டுப் போகவில்லை. இதை முதலில் உணர்ந்தவர்களும் திட்டத்தார்தான். அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கே நில அளவை கற்றுக்கொடுத்து, ஓடைகளையும் குழாய்களையும் வரைபடமாக்கினார்கள். வரைபடம் கையில் இருந்ததால்தான் அரசு அதிகாரியிடம், எந்த ஓடையில் எத்தனை அடிக்கு வேலை, என்ன செலவு என்று பேச முடிந்தது. அந்த வேலையை முன்னின்று நடத்திய கட்டடக் கலைஞர் பர்வீன் ரஹ்மான், பிறகு நில அபகரிப்பையும் தண்ணீர்த் திருட்டையும் அப்படியே வரைபடமாக்கினார். 2013 மார்ச் 13 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

ஆக, ஒராங்கியிடமிருந்து உங்கள் சந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வசூல் நோட்டை அல்ல, அளவுகோலை.

எங்கள் தெருவிலும் இப்படித்தான், புதுச் சாக்கடை போட்ட முதல் மழையிலேயே எதிர்த்தது. மண் அடைப்பு, நீங்கள் போடும் குப்பை என்று ஒப்பந்ததாரர் தரப்பில் ஆளுக்கொன்று சொன்னார்கள். தெருவில் இருந்த வயதான கொத்தனார் ஒருவர் மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் குழாயில் (மட்டக் குழாய்) தண்ணீர் நிரப்பி ஒரு முனையை என் கையில் கொடுத்தார். இரண்டு கோடிச் சுவர்களிலும் ஒரே மட்டத்தில் பென்சில் கோடு. கோட்டிலிருந்து குழாயின் அடிவரை மேலே நின்றபடியே கம்பு விட்டு அளந்தோம். மெயின் ரோட்டு முனையில் ஆழம் கூட வேண்டும். நாலு விரல் குறைந்தது. "வாட்டமே தலைகீழ். தண்ணீர் மேட்டுக்கு ஏறுமா, சார்?" என்றார். அந்த நாலு விரலோடு போனபோதுதான் குப்பைக் கதை நின்றது. மறுபடி தோண்டினார்கள், எங்களிடம் காசு கேட்காமல்.

உங்கள் இளைஞர்கள் இறங்கி அடைப்பு எடுக்கிறோம் என்கிறார்களே, அது வேண்டவே வேண்டாம். ஆர்வலர் என்று பார்த்து விஷவாயு யாரையும் விட்டுவிடாது. இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊரில் சாக்கடை என்றதும் யார் இறங்குவது என்ற கேள்விக்கு எல்லோர் மனத்திலும் ஒரு விடை தயாராக இருக்கிறது. முதல் வாரம் எல்லோரும் இறங்குவார்கள். மூன்றாவது வாரம் எங்கிருந்தாவது ஒருவரை 300 ரூபாய்க்குக் கூட்டி வருவார்கள், எந்தச் சாதியிலிருந்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மனிதரை இறக்குவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் சந்து மக்களின் நல்லெண்ணத்துக்கு விலக்கு அளிக்கவில்லை. இயந்திரத்தை மாநகராட்சிதான் அனுப்ப வேண்டும்.

வசூல் செய்யுங்கள், 5,000 அல்ல, 50. மட்டக் குழாய்க்கும் நகல் செலவுக்கும் அது போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, ஆறு வருடங்களுக்கு முந்தைய வேலையின் மதிப்பீட்டையும், முடித்த வேலையை அளந்து எழுதிவைக்கும் அளவுப் புத்தகத்தின் நகலையும் வாங்குங்கள். அதில் எழுதியிருக்கும் ஆழத்தையும் நீங்கள் அளந்த ஆழத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, 32 வீட்டாரும் கையெழுத்திட்டுக் கொண்டுபோங்கள். பேசுவதற்கு எதிர்வீட்டு அக்காவை அனுப்புங்கள்.

எந்த முனையில் எத்தனை விரல் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.