லீற்றர் கூடியது, தயிர் திரும்பியது

அன்புள்ள ஐயா,

படுவான்கரையில் ஒரு பாற் கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருக்கிறேன். பாலின் தரத்தை உயர்த்தி, தயிரை நல்ல விலைக்கு விற்பதுதான் எங்கள் மூன்றாண்டுத் திட்டம். அதற்காக ஊழியர் எல்லோருக்கும் மாத இலக்கு எழுதிக் கொடுத்தோம். சேகரிப்பாளருக்கு இத்தனை லீற்றர், லொறிச் சாரதிக்கு நடைக்கு இத்தனை கான். எல்லோரும் இலக்கை எட்டிவிட்டார்கள். தயிரோ கடைகளிலிருந்து திரும்பி வருகிறது. எங்கே பிழைத்தது?

வாசகர், மட்டக்களப்பு

அன்புள்ள தம்பி,

உங்கள் ஆட்கள் சொன்னதைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். திட்டம் தரத்தைக் கேட்கிறது, நீங்கள் கொடுத்த தாள் லீற்றரைக் கேட்கிறது. பாலில் தண்ணீர் கலந்திருப்பதைக் காட்டும் லக்டோமீற்றர் கொஞ்சம் இறங்கி நின்றாலும் "சரி, ஊத்துங்க" என்று சேகரிப்பாளர் வாங்கிக்கொள்வார்; தண்ணீரும் லீற்றரில் சேரும்தானே. சாரதி கடைசிக் கானுக்காக வெயிலில் காத்து நிற்பார். சீக்கிரமே 4 பாகைக்குக் குளிர வேண்டிய பால் லொறியிலேயே கெடத் தொடங்கிவிடும்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். ஒரு வாடிக்கையாளருக்கு இத்தனை கணக்கு என்று ஊழியர்களை நெருக்கிய அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கியில், கேட்காதவர்கள் பெயரிலெல்லாம் கணக்குகள் திறந்துவிட்டார்கள். 2016இல் 18.5 கோடி டொலர் அபராதம். ஏறக்குறைய 5,300 பேருக்கு வேலை போனது.

ஆகவே மொத்த லீற்றரைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்காதீர்கள். தரம் யார் கையில் எந்த இடத்தில் கெடுகிறது என்று பாருங்கள். சாரதிக்கு, முதல் கான் ஏறியதிலிருந்து குளிரூட்டும் தாங்கிக்குப் போய்ச் சேரும் நேரம். சேகரிப்பாளருக்கு, கொழுப்பு அளவும் லக்டோமீற்றர் பதிவும். உங்கள் கடிதத்தில் கணக்கு எழுதும் பிள்ளையைக் காணவே இல்லை. எனக்கென்னவோ அவர்தான் முக்கியமான ஆள். கொழுப்புக்கு ஏற்ற விலையைக் கணக்குப் பார்த்து, சொன்ன திகதியில் அவர் காசு கொடுத்தால் மாட்டுக்காரர் ஏன் தண்ணீர் கலக்கப் போகிறார்?

இன்னொன்று. ஒவ்வொருவருக்கும் குறிக்கோள் வகுத்து அதை வைத்து வேலையை நடத்தும் குறிக்கோள்வழி முகாமைத்துவத்தைப் பற்றி 1954இல் எழுதிய முகாமைத்துவ அறிஞர் பீட்டர் டிரக்கர், கீழுள்ள முகாமையாளர் வருடத்துக்கு இரண்டு முறை மேலாளருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றார். மேலாளரின் குறிக்கோள் என்ன, தன்னுடையது என்ன, மேலே இருப்பவர் செய்வதில் எது தனக்கு இடைஞ்சல் என்றெல்லாம் அதில் வர வேண்டும். அந்தக் கடைசிக் கேள்வியை உங்கள் ஆட்களிடம் வாய்மொழியாகவாவது கேளுங்கள். பதில் கொஞ்சம் சுடும், கோபிக்க வேண்டாம்.

அப்புறம், மார்கழி வெள்ளத்தில் உங்கள் பக்கத்துப் பாதைகள் மூழ்கும். அந்த மாதங்களுக்குச் சாரதியின் நேர இலக்கை அவரோடு இருந்து தனியாக எழுதுங்கள்.