ரத்தத்தில் வைரஸ் இல்லை, மறதி ஏன்?

வணக்கம் சார்,

என் அண்ணன் ஏழு வருடமாக எச்ஐவிக்கான ஏஆர்டி மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தத்தில் வைரஸ் தெரியவில்லை என்றுதான் ரிப்போர்ட் வருகிறது. ஆனால் ஒரு வருடமாக மறதி, எதைச் செய்தாலும் நிதானம், கணக்குப் பார்க்கவே திணறுகிறார். மூளையிலுள்ள எதிர்ப்புச் செல்களால் இப்படி ஆகலாம் என்கிறார் டாக்டர். நம்மைக் காப்பாற்ற வேண்டிய செல் எப்படிக் கெடுதல் செய்யும்? மாத்திரைதான் காரணம் என்று அண்ணன் நிறுத்தப் பார்க்கிறார்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அண்ணனைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லுங்கள், மாத்திரையை நிறுத்தக் கூடாது. விட்டுவிட்டுச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று 5,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்த ஸ்மார்ட் ஆய்வு 2006-இல் வெளிவந்தது; இடையில் நிறுத்தியவர்களிடம்தான் நோயும் சாவும் கூடுதல்.

டாக்டர் சொன்னதில் தவறில்லை. எச்ஐவி நியூரானை, அதாவது நரம்புச் செல்லை, தாக்குவதில்லை, அது பற்றிக்கொள்ளும் சிடி4 என்ற புரதம் நியூரானில் கிடையாது. மூளையில் அது தங்குவது மைக்ரோகிளியாவிலும் ரத்தக்குழாய்களை ஒட்டிய மாக்ரோஃபேஜ்களிலும், அதாவது காவலுக்கு இருக்கும் செல்களிலேயே. உள்ளே போகவும் அதிக நாள் ஆவதில்லை. பாங்காக்கில் தொற்றின் ஆரம்ப நாட்களில் இருந்தவர்களைப் பரிசோதித்தபோது, ஒருவருக்குத் தொற்றி எட்டு நாள்தான் ஆகியிருக்கும் என்ற கணிப்பு, அதற்குள் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த தண்டுவட நீரில் வைரஸ் வந்துவிட்டது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே தடுப்பு உண்டு. ஆனால் வெள்ளை அணுக்கள் அதைக் கடந்து போய்வரும், தொற்றிய மோனோசைட்டும் டி செல்லும் வைரஸைச் சுமந்துகொண்டே உள்ளே போகின்றன.

அப்புறம் தொற்றிய செல்களும் அவற்றால் தூண்டப்பட்ட பக்கத்துச் செல்களும் டிஎன்எஃப், இன்டர்லூகின் போன்ற அழற்சிப் பொருட்களைச் சுரக்கின்றன, வைரஸின் டாட், ஜிபி120 புரதங்களும் கசிகின்றன. நியூரான்கள் தகவல் கடத்தப் பயன்படுத்தும் குளூட்டமேட்டில் மிஞ்சுவதைத் துடைத்தெடுக்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்கள் இந்தக் களேபரத்தில் தடுமாறுகின்றன, குளூட்டமேட் தேங்கத் தேங்க நியூரான் ஓயாமல் தூண்டப்பட்டு அதன் கிளைகளும் இணைப்புகளும் சுருங்குகின்றன. நியூரான் சாவதற்கு முன்பே இது நடக்கும். யோசனை மந்தமாவது அதனால்தான். வைரஸை அடக்க வரும் சிடி8 செல்கள் வேலையைச் செய்கின்றன, ஆனால் அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா மைக்ரோகிளியாவை இன்னும் கிளறிவிடுகிறது.

மருந்து என்ன செய்கிறது என்றால், புதிய செல்களுக்கு வைரஸ் பரவாமல் தடுக்கிறது. 1996-இல் கூட்டு மருந்து வந்த பிறகு, ஆளையே முடக்கிப்போடும் எய்ட்ஸ் மறதி நோய் மிகவும் குறைந்துவிட்டது. இதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் மைக்ரோகிளியா பல வருடம் வாழும் செல், அதன் டிஎன்ஏவில் ஏற்கெனவே புகுந்துவிட்ட வைரஸை மாத்திரையால் எடுக்க முடியாது. அதனால் ரத்தம் சுத்தமாக இருக்கும்போதும் சிலருக்கு லேசான அழற்சி அணையாமல் இருக்கிறது. ரத்தத்தில் சிடி4 செல்களின் எண்ணிக்கை மிகவும் இறங்கிய பிறகு சிகிச்சை தொடங்கியவர்களுக்கு இந்தப் பிரச்சினை அதிகம், அண்ணனுக்கு அப்போது எவ்வளவு இருந்தது என்று பழைய ரிப்போர்ட்டில் பாருங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் இதன் தலையில் கட்டிவிடாதீர்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கமின்மை, குடி எல்லாமே மறதி தரும். ஏஆர்டி மருந்துகளில் ஒன்றான எஃபாவிரென்ஸ் சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள், அது சிலருக்குத் தலையை மந்தமாக்கும்; அப்படியிருந்தால் டாக்டரே வேறு மருந்துக்கு மாற்றுவார். அபூர்வமாக, ரத்தத்தில் இல்லாத வைரஸ் தண்டுவட நீரில் மட்டும் பெருகும். எம்ஆர்ஐ எடுத்து, முதுகில் நீர் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், மருந்துக் கூட்டை மாற்றித் தேறியவர்கள் இருக்கிறார்கள். ஒரு வருடமாக நீடிப்பதால் தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே நரம்பியல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள், அண்ணன் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்.