வாய்க்கா மேட்டுப் பதில்கள்

கீழ்பவானி வாய்க்காலில் லஸ்கராக, அதாவது வாய்க்கால் காவலாளாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார். இப்போது கோபிப் பக்கம் தென்னையும் வாழையும்.

கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட்டே ஆகணும் என்று ஒரு கோஷ்டி, போடவே கூடாது என்று இன்னொரு கோஷ்டி. நீங்க எந்தப் பக்கம்ங்கண்ணா?
- வாசகர், பெருந்துறை

வம்புல இழுத்து விடறீங்க. சரி, கேட்டாச்சு, சொல்லிவிடுகிறேன்.

பவானிசாகரில் கிளம்பிக் கரூர் மாவட்டம் வரைக்கும் 124 மைல், அதாவது 200 கிலோமீட்டர் ஓடுகிற மண் வாய்க்கால் இது. ஆயக்கட்டு, அதாவது இதில் பாசனம் பெறுகிற நிலம், 2,07,000 ஏக்கர். பெரும்பகுதிக்கு ஒரு கரைதான். மேல்பக்கம் காட்டுமேடு அப்படியே இருக்கும். மழை பெய்தால் மேட்டுத் தண்ணீர் வாய்க்காலுக்குள் இறங்கிவிடும். வாய்க்கால் தண்ணீர் கீழ்க்கரை வழியாகக் கசிந்து அடுத்த காட்டுக் கிணற்றுக்குப் போகும். ஆபீஸ் பேப்பரில் இதற்கு 'இழப்பு' என்று பெயர். உங்கள் பெருந்துறையிலும் சென்னிமலைப் பக்கத்திலும் அந்த இழப்பை நம்பித்தான் கிணறு வெட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கும் மிஞ்சினது பள்ளத்தில் இறங்கி ஓடும். ஈரோட்டுக்குள் வருகிற பெரும்பள்ளம் ஓடையில் கசிவுத் தண்ணீரும் உண்டு. வாய்க்கால் தரையையும் மூடிக் கான்கிரீட் போட்டால் இந்தக் கிணறுகளுக்கு யார் பதில் சொல்வது?

ஆனால் கடைமடைக்காரர் வயிற்றெரிச்சலும் பொய் இல்லைங்க. ஆகஸ்ட் 15-ல் தண்ணீர் விட்டால் முதல் போகம் 120 நாள். மதகை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து, ஆயக்கட்டில் பாதிக்குத்தான் ஒரு தடவைக்கு முறை வரும். அந்த முறையிலும் கடைசி மதகு வரைக்கும் தண்ணீர் எட்டவில்லை என்றால் அவன் எங்கே போவான்? கான்கிரீட் கேட்கத்தான் செய்வான்.

நான் பார்த்த வரைக்கும் கடைமடையைக் காய வைக்கிறது கசிவு இல்லை, களவு. கரையை ஒட்டிக் கிணறு ஒன்று வெட்டுவார்கள். கரைக்கு அடியில் ஒரு பைப். மேலே பார்த்தால் சாதாரணக் கிணறுதான். ஆனால் கிணற்றுத் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் ஒரே மட்டத்தில் நிற்கும், வாய்க்கால் அடைத்ததும் கிணறும் படுத்துவிடும். சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் கசிவில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும்போது இது மட்டும் ஒரே ராத்திரியில் ஏறி இறங்கும். அதிலிருந்து மோட்டார் வைத்து ஆயக்கட்டிலேயே இல்லாத தோட்டத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் பைப் போகும். சாயங்காலம் அளவுக் கல்லில் பார்த்த மட்டம் விடிகாலையில் இறங்கியிருந்தால், நாங்கள் முதலில் இந்தக் கிணறுகளைத்தான் எட்டிப் பார்ப்போம்.

ஆகவே என் கட்சி: பழுதான மதகையும் பாலத்தையும் கட்டுமானத்தையும் சரி பண்ணுங்கள், உடைகிற இடத்தில் கரையைப் பலப்படுத்துங்கள், களவு பைப்பைப் பிடுங்குங்கள். தரை மண்ணாகவே இருக்கட்டும். இதற்கு இரண்டு கோஷ்டியிலும் எனக்குத் திட்டு விழும். பரவாயில்லை.

மாயாறு காட்டுக்குள்ளேயே ஓடி யாருக்கும் பயன்படாமல் வீணாகிறதே. அதன் குறுக்கே இன்னொரு அணை கட்டினால் என்ன?
- வாசகர், சத்தியமங்கலம்

நீங்க சத்தியமங்கலத்துக்காரர், இதைக் கேட்கலாமா? மாயாறு போய்ச் சேருவதே உங்க ஊருக்குப் பக்கத்தில் பவானிசாகர் அணைக்குத்தானே! நீலகிரியில் உற்பத்தியாகி, முதுமலையைத் தாண்டி, மின்சாரம் எடுத்தது போக அந்தப் பெரிய பள்ளத்தாக்கில் இறங்கி வருகிற தண்ணீர்தான் பவானித் தண்ணீரோடு சேர்ந்து நம் மதகுக்கு வருகிறது. நடுவில் அணை கட்டினால் அதே தண்ணீரை இரண்டு இடத்தில் தேக்குவோம். புதுசாக ஒரு சொட்டு வராது.

கட்டாமல் விட்ட அந்தத் துண்டில் என்ன இருக்கிறது என்று தெங்குமரஹடாவுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். ஆற்றைப் பரிசலில் தாண்டணும். பரிசல்காரர் கையைத் தண்ணீரில் விட வேண்டாம் என்பார், முதலை உண்டு. கரையோர நீர்மருது மரங்களின் உச்சியில் பாறுக்கழுகு, அதாவது பிணந்தின்னிக் கழுகு, கூடு கட்டுகிறது. தமிழ்நாட்டில் அந்தக் கழுகு இன்னும் குஞ்சு பொரிக்கிற இடங்களில் இதுதான் முக்கியமானது. கோடையிலும் ஆற்றோரம் நிற்கிற அந்த மரம் போனால் கூடு எங்கே கட்டும்? யானைக்கும் வெயில் காலத்தில் இந்த ஆறுதான் கதி.

பவானியையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் மலையில் பிறந்து, கேரளாவில் அமைதிப் பள்ளத்தாக்கு ஓரமாகவும் அட்டப்பாடி வழியாகவும் சுற்றிவிட்டுத் திரும்பி நம்மிடமே வருகிறது. அந்தப் பள்ளத்தாக்கில் குந்திப்புழாவுக்குக் குறுக்கே அணை வருவதாக இருந்து, பெரிய எதிர்ப்புக்குப் பிறகு கைவிட்டார்கள். காடு தப்பித்தது. மேலே காடு இருக்கிறதால்தான் மழை நின்ற பிறகும் ஆற்றில் தண்ணீர் வருகிறது. இதில் எது வீண்?

எங்க அபார்ட்மெண்ட்டில் தினமும் ஹோஸ் பைப் பிடித்துக் கார் கழுவுகிறார்கள். கேட்டால் 'காசு கட்டறோம்ல' என்கிறார்கள். என்ன சொல்றது தாத்தா?
- எட்டாம் வகுப்பு மாணவி, கோவை

கண்ணு, அவர்கள் காசு கட்டுவது குழாய்க்கும் பம்புக்கும். மழைக்கு இன்னும் யாரும் பில் போடவில்லை. சிறுவாணி அணை இருப்பது கேரளாவில். அது வற்றினால் பில்லூரை நம்பணும், அதுவும் பவானித் தண்ணீர்தான்.

நீ ஒரு வேலை செய். அந்த ஹோஸ் ஒரு பக்கெட்டை நிரப்ப எத்தனை வினாடி எடுக்கிறது என்று எண்ணு. ஒரு கார் முடிகிற வரைக்கும் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார். கணக்குப் போட்டு, இத்தனை பக்கெட் என்று எழுதி, லிப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டு. ஆள் பெயர் வேண்டாம், கார் நம்பர் போதும்.

நொய்யலில் மறுபடியும் இறங்கிக் குளிக்க முடியுமா?
- வாசகி, திருப்பூர்

வெள்ளியங்கிரி அடிவாரத்தில் இன்றைக்கும் குளிக்கலாம் அம்மிணி. உங்கள் ஊரில் இப்போதைக்கு முடியாது.

1992-ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள். பாசனத்துக்குக் கட்டின அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, 'திறந்து விடாதீங்க' என்று கீழே இருக்கிற விவசாயிகளே மன்றாடினார்கள். கிணறு கரித்தது, இளநீர் கரித்தது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்கிற ஏற்பாடு உறுதியாக வந்தது. சாயத்தை மட்டும் திட்டுகிறவர்கள் வசதியாக மறப்பது சாக்கடையை. கோவையிலிருந்து திருப்பூர் வரைக்கும் வீட்டுக் கழிவு ஆற்றில் கலக்கிறது. முதல் மழைக்கு நுரை பொங்கி வருவதைப் பாலத்தில் நின்று போட்டோ எடுக்கிறோமே, அதில் நம் வீட்டுச் சோப்பும் இருக்கிறது. உங்கள் வீதிப் பாதாளச் சாக்கடை எங்கே போய் முடிகிறது என்று கவுன்சிலரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவருக்கே தெரியாமல் இருக்கும்.

அத்திக்கடவு - அவினாசித் தண்ணீர் எங்க குட்டைக்கு வந்துருச்சு. இனிமேல் தைரியமாக வாழை வைக்கலாமா?
- வாசகர், அன்னூர்

வைக்காதீங்க. 2024 ஆகஸ்டில் தொடங்கி வைத்த அந்தத் திட்டம் 1,045 குளம் குட்டைகளுக்கு, மொத்தம் ஒன்றரை டிஎம்சி. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரி ஓடும்போது மட்டும் எடுத்து, கரண்ட் செலவழித்து மேட்டுக்கு ஏற்றுகிற தண்ணீர். நிலத்தடியை ஊற வைக்கத்தான் அது. பவானியில் வெள்ளம் வராத வருஷம் உங்கள் குட்டைக்கும் வராது. ஊறின தண்ணீரை யார் அதிக ஆழம் போர் போட்டு முதலில் உறிஞ்சுவது என்று போட்டி ஆரம்பித்தால், அறுபது வருஷம் போராடி வாங்கினது நாலு தோட்டத்தோடு முடிந்துவிடும். ஊர் கூடி எத்தனை போர், எவ்வளவு ஆழம் என்று இப்போதே பேசி வையுங்கள். சோளம், நிலக்கடலை, எள் இதெல்லாம் நம் காட்டுக்குத் தெரிந்த வெள்ளாமைதானே.

தென்னைக்கு மடை கட்டிப் பாய்ச்சுகிறேன். சொட்டு நீரில் மரம் காய்ந்துவிடும் என்று எங்க அப்புச்சி பயமுறுத்துகிறார்.
- வாசகர், உடுமலை

அப்புச்சிக்கு வட்டப்பாத்தியில் தண்ணீர் மினுமினு என்று நிற்கணும், அப்போதுதான் மனசு ஆறும். வெயில் மாதங்களில் மரத்துக்கு நாளைக்கு 65 லிட்டர் போதும் என்று வேளாண் பல்கலைக்கழகமே சொல்கிறது. மரத்துக்கு நாலு டிரிப்பர், ஒவ்வொன்றும் மணிக்கு 8 லிட்டர் விடுகிறது. இரண்டு மணி நேரத்தில் 64. கணக்கு முடிந்தது. ஆனால் டிரிப்பரைத் தண்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், உறிஞ்சுகிற வேர் தள்ளித்தான் இருக்கும். பாத்தி முழுக்க மட்டையும் பன்னாடையும் போட்டு மூடுங்கள். உப்புத் தண்ணீராக இருந்தால் டிரிப்பர் அடைத்துக்கொள்ளும், வாரத்துக்கு ஒருமுறை லைன் கடைசி மூடியைத் திறந்து விட்டுக் கழுவுங்கள். முதலில் நாலு வரிசைக்கு மட்டும் போட்டு, மற்றதை அப்புச்சி இஷ்டத்துக்கு விடுங்கள். அடுத்த வருஷக் காய் கணக்கை அவரையே எண்ணச் சொல்லலாம்.