பல் தேய்மானத்தை ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் மேல் முன்பற்கள் கூசுகின்றன. எனாமல் தேய்கிறது என்று சொன்ன பல் மருத்துவர், வாய்க்குள் ஒரு கருவியை விட்டு முப்பரிமாண ஸ்கேன் எடுத்தார். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட்டால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியுமாம். இது தேவையா? எக்ஸ்ரே போதாதா? போனில் நானே படம் எடுத்து வைத்தால் ஆகாதா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஸ்கேன் எடுத்து வைத்தது நல்லதுதான். ஆறு மாதத்தில் ஒப்பிடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

கடைவாய்ப்பல்லின் மேடுகளில் எனாமல் சுமார் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். ஈறை நோக்கி வர வர மெலிந்துவிடும். அதை உருவாக்கும் செல்கள் பல் முளைத்ததும் இல்லாமல் போவதால், தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. அதற்காகப் பயப்பட வேண்டாம். மென்று சாப்பிடும் எல்லோருக்கும் கொஞ்சம் தேயத்தான் செய்யும். பெல்ஜியத்தில் லாம்ப்ரெக்ட்ஸ் குழுவினர் 1989இல் வெளியிட்ட அளவீட்டின்படி, பற்கள் ஒன்றோடொன்று உரசும் இடங்களில் கடைவாய்ப்பல் வருடத்துக்குச் சுமார் 29 மைக்ரானும், அதற்கு முன்னுள்ள சிறு கடைவாய்ப்பல் 15 மைக்ரானும் தேய்கின்றன. ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர்.

வாய்க்குள் விடும் ஸ்கேனரோ சில பத்து மைக்ரான் வரை பிசகக்கூடியது. இரண்டு ஸ்கேன்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும்போது அந்தப் பிசகு இன்னும் கூடும். ஆறு மாதத்தின் இயல்பான தேய்மானத்தை அதில் தேடுவது, காய்கறித் தராசில் தங்கம் நிறுப்பது போலத்தான். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வருட இடைவெளி இருந்தால்தான் நம்பத்தக்க வித்தியாசம் தெரியும். தூக்கத்தில் பலமாகப் பல்லைக் கடிப்பவர், ஓயாத எதுக்களிப்பு உள்ளவர் என்றால் ஒரு வருடத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒப்பிடும்போது மென்பொருள், மாறிய இடங்களை நிறத்தால் குறித்து ஒரு வண்ணப் படம் காட்டும். சிவப்பைப் பார்த்ததும் பதற வேண்டாம். பல்மேல் எச்சில் தேங்கியிருந்தாலும், இரண்டு ஸ்கேன்களுக்கும் நடுவில் அடைப்போ கேப்போ போட்டிருந்தாலும், க்ளிப் போட்டுப் பல் நகர்ந்திருந்தாலும், ஈறு இறங்கியிருந்தாலும் நிறம் மாறும். பொருத்தும் முறையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முழுப் பல்வரிசையையும் மொத்தமாகப் பொருத்தினால், ஓரிடத்தில் உள்ள தேய்மானத்தை மென்பொருள் எல்லாப் பக்கமும் பரப்பிக் குறைத்துக் காட்டிவிடும். தேயாத பரப்புகளை ஆதாரமாக வைத்து ஒவ்வொரு பல்லாகப் பொருத்துவதே சரி. “எதை வைத்துப் பொருத்தினீர்கள் டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள். அடுத்த ஸ்கேனையும் முடிந்தவரை அதே கருவியில் எடுங்கள். முதல் ஸ்கேனின் எஸ்டிஎல் (STL) எனும் முப்பரிமாணக் கோப்பை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். கிளினிக் மாறினாலும் உதவும்.

எக்ஸ்ரே இதற்கு ஆகாது. பல்லிடுக்கில் சொத்தை இருக்கிறதா, எலும்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க அது தேவை. தேய்மானத்தை மட்டும் அளப்பதற்காக எக்ஸ்ரேயோ, சிபிசிடி (CBCT) என்ற முப்பரிமாண எக்ஸ்ரேயோ எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

போன் படம் ஆழத்தைச் சொல்லாது. ஆனால் நுனி கண்ணாடி போல ஆவது, சிறு உடைசல், உள்ளிருக்கும் மஞ்சள் நிற டென்டின் தெரிவது எல்லாம் நன்றாகப் பதியும். பல்லைத் துணியால் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்து ஜூம் செய்து எடுங்கள். செல்ஃபி கேமரா சில போன்களில் இடவலம் மாற்றிக் காட்டும் என்பதால், பின்பக்கக் கேமராவில் வேறொருவர் எடுப்பது மேல். ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே கோணம்.

செலவில்லாத இன்னொன்றும் உண்டு. 2008இல் அறிமுகமான பிஇடபிள்யூஇ (BEWE) என்ற பல் தேய்மான மதிப்பெண் முறையில், வாயை ஆறு பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போடுவார்கள், அதிகபட்சம் மொத்தம் 18; மதிப்பெண் கூடினால் தேய்மானம் அதிகம். கண்ணால் பார்த்தே போடுவதுதான். அதையும் உங்கள் கோப்பில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

எந்தப் படமும் எவ்வளவு தேய்ந்தது என்றுதான் சொல்லும்; ஏன் என்று சொல்லாது. உங்கள் விஷயத்தில் நான் முதலில் கேட்பது, முன்பற்களில் எந்தப் பக்கம் என்பதைத்தான். அண்ணப் பக்கம் தேய்ந்திருந்தால் வயிற்றிலிருந்து மேலே வரும் அமிலத்தைச் சந்தேகிப்பேன். உதட்டுப் பக்கம் என்றால் எலுமிச்சைச் சாறு, சோடா, குளிர்பானம். நுனி தட்டையாகி, கீழ்ப்பல்லோடு கச்சிதமாகப் பொருந்தினால் பல் கடிக்கும் பழக்கம். ஈறோரம் பள்ளம் விழுந்திருந்தால் அழுத்தித் தேய்ப்பதும் சொரசொரப்பான பல்பொடியும் காரணமாக இருக்கலாம். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்தாலும் பல் கூசும். அப்போது பிரச்சினை எனாமலே இல்லை.

உடம்பு இளைக்கக் காலையில் எலுமிச்சைத் தண்ணீர் குடித்துவிட்டு உடனே பல் தேய்க்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். வாயின் பிஎச் சுமார் 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். அந்த நேரத்தில் பிரஷ் பட்டால் இளகிய மேற்பரப்பு சீக்கிரம் போய்விடும். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரமாவது கழித்து ஃபுளோரைடு பேஸ்ட்டால் தேயுங்கள். அடிக்கடி நெஞ்செரிச்சல் இருந்தால் வயிற்று மருத்துவரையும் பாருங்கள்.

சூடு பட்டாலும் வலி வந்து, சில நிமிடம் நீடித்தால் அடுத்த ஸ்கேன் தேதி வரை காத்திருக்காதீர்கள். அது பல்லின் நரம்பைப் பார்க்க வேண்டிய விஷயம். அந்த வாரமே போய்விடுங்கள்.