நீளமான பாஸ்வேர்ட் இருந்தால் ரிமோட் டெஸ்க்டொப்புக்குப் போதுமா?

ஹட்டன் பக்கத் தோட்ட ஆபிஸில் விண்டோஸ் 7 கணினியில் செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவு) கணக்கு இருக்கிறது, நுவரெலியாவிலிருந்து ரிமோட் டெஸ்க்டொப்பில் (தூரத்திலிருந்தே இன்னொரு கணினியை இயக்கும் விண்டோஸ் வசதி) பார்க்கிறோம், பாஸ்வேர்ட் நீளமானது, போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. 2019 மே மாதம் வெளியான புளூகீப் என்ற ரிமோட் டெஸ்க்டொப் பாதுகாப்பு ஓட்டை, பாஸ்வேர்ட் கேட்பதற்கு முன்பே வேலை செய்யும். இணைப்பு தொடங்கும்போது எந்தெந்தச் சேனல்களில் பேசுவது என்று இரு கணினிகளும் முடிவு செய்யும். விண்டோஸ் தன் உள்வேலைக்கு வைத்திருக்கும் சேனல் ஒன்றை வெளியாள் பெயர் சொல்லிக் கேட்டால், பழைய விண்டோஸ் அதையும் கொடுத்துவிடும். பிறகு அது மூடப்பட்டு, விடுவித்த நினைவக இடத்தையே விண்டோஸ் மறுபடி தொடும். அந்த இடத்தில் தன் நிரலை வைத்தவன் கைக்கு முழுக் கணினியும் போய்விடும். கதவில் எவ்வளவு பெரிய பூட்டு இருந்தென்ன, ஆள் கூரைத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறான்.

விண்டோஸ் 8, 10 இதில் பாதிக்கப்படவில்லை. ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசொஃப்ட் திருத்தம் கொடுத்தது. கணினிக்குக் கணினி வைரஸ் தானாகத் தாவ வழிவிடும் ஓட்டை என்பதே காரணம்.

சரி, ரவுட்டரில் 3389 போர்ட் (ரிமோட் டெஸ்க்டொப் இணைப்பு வரும் வாசல்) வெளியே திறந்திருந்தால் இன்றே மூடுங்கள். அப்புறம் அந்தத் திருத்தத்தைப் போட்டு, விபிஎன் (இணையத்துக்குள் மறைகுறியாக்கப்பட்ட தனிப் பாதை) வழியாக மட்டும் உள்ளே போங்கள். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு ஆதரவு நின்றுவிட்டது. கொழுந்து பறித்தவர்களின் சம்பளக் கணக்கு அதில் இருக்கிறது, தயவுசெய்து கணினியையும் மாற்றுங்கள்.