குளவியும் குச்சிக்கிழங்கும் – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

தென்னை வெள்ளை ஈ பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். மருந்தடிக்காமல் பொறுத்திருந்தால் ஒட்டுண்ணிக் குளவிகள் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தீர்கள். அதை ஒட்டி எங்கள் ஊர் விஷயம் ஒன்றைக் கேட்கத் தோன்றியது.

நான் ராசிபுரம் பக்கம், பள்ளி ஆசிரியர். என் சித்தப்பா வருடா வருடம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடுகிறவர். கொரோனா சமயத்தில் வந்த மாவுப்பூச்சியால் ஒரு வெள்ளாமையில் போட்ட காசே திரும்பவில்லை. குருத்தெல்லாம் கொத்துக் கொத்தாகச் சுருண்டு, செடி வளராமல் நின்றுவிட்டது. அப்புறம் ஆப்பிரிக்காவிலிருந்து குளவி வரவழைத்து விட்டார்கள். ஒரு சின்ன டப்பாவைத் திறந்து காட்டிவிட்டுப் போனார்கள் என்று சித்தப்பா சொன்னார். இப்போது பூச்சி அவ்வளவாக இல்லை. ஆனால் அவர் குளவியை நம்பவில்லை. "நல்ல மழை ரெண்டு பெஞ்சுது, பூச்சி கழுவிக்கிட்டுப் போயிருச்சு. குளவியாவது கிளவியாவது" என்கிறார்.

என் பயம் வேறு. ஆஸ்திரேலியாவில் வண்டு பிடிக்கத் தேரையைக் கொண்டுவந்து பட்ட பாட்டை நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஒன்றைத் தின்ன இன்னொன்றைக் கொண்டுவந்தால், நாளைக்கு அதைத் தின்ன எதைக் கொண்டுவருவது? இருபது வருடம் கழித்து ஏதாவது ஆனால் யாரைப் போய்க் கேட்பது?

இப்படிக்கு,
க., ராசிபுரம்.

அன்புள்ள க.,

தேரையிலிருந்தே தொடங்கலாம். 1935ல் ஹவாயிலிருந்து நூற்றுச் சொச்சம் தேரைகள் குவீன்ஸ்லாந்துக்கு வந்தன. கரும்பின் வேரைக் கடிக்கும் வண்டுப்புழுவை ஒழிப்பது திட்டம். புழு இருப்பது மண்ணுக்குள், வண்டு உட்காருவது கரும்புத் தோகையில். இரண்டும் தேரைக்கு எட்டாது. மற்றதெல்லாம் எட்டியது. வாய்க்குள் அடங்குகிற எதையும் விழுங்கிப் பெருகியது. அதை விழுங்க வந்த பாம்பும் உடும்பும் அதன் தோல் விஷத்தில் செத்தன. வண்டு மட்டும் சௌக்கியமாக இருந்தது.

இதற்கு முந்தைய கூத்தில் நம் நாட்டுச் சரக்கே உண்டு. 1872ல் ஒரு தோட்ட முதலாளி கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளைத் தருவித்து, ஜமைக்காவின் கரும்புக்காட்டில் எலி பிடிக்க விட்டார். அங்கே பெருகியதிலிருந்து 1883ல் ஹவாய்க்குப் போயிற்று. எலி இரவில் மேயும், கீரி பகலில் திரியும். ஆகவே கீரி, தரையில் கூடுகட்டும் பறவைகளின் முட்டையில் வாய் வைத்தது.

கீரிக்கும் தேரைக்கும் இதுதான் தீனி என்று ஒன்று கிடையாது. கிடைத்ததைத் தின்று பிழைக்கிற உயிர்கள். எந்த நாட்டு உயிர் என்று கேட்பதைவிட, எதைத் தின்னும், அது தீர்ந்துபோனால் அடுத்து எதில் வாய் வைக்கும் என்று கேட்பதுதான் உபயோகமான கேள்வி என்பது என் கட்சி. இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் சித்தப்பாவின் காட்டுக்குள் போவோம்.

அங்கே விட்டது அனாகைரஸ் லோபெசி என்கிற குளவி. ஓட்டுக்கடியில் கூடுகட்டிக் கொட்டுகிற சாதி இல்லை. ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம், நம்மைக் கொட்டாது. பெண் குளவி மாவுப்பூச்சி ஒன்றைக் கண்டதும் உணர்கொம்பால் தட்டித் தட்டிப் பார்க்கும். பூச்சி போதுமான பருமன் என்று தோன்றினால் பின்பக்கத்து ஊசியை இறக்கி உள்ளே ஒரு முட்டை வைக்கும். பொடிப் பூச்சியாக இருந்தால் குத்தி, கசிகிற சாற்றைக் குடிக்கும். அதிலும் பூச்சி செத்துப்போகும். முட்டை பொரிந்து வரும் புழு, பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். சில நாளில் அந்தப் பூச்சி உப்பிப் பழுப்பாகி ஓடு போல இறுகிவிடும். கடைசியில் அதன் ஒரு முனையை வட்டமாகக் கத்தரித்துக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். முட்டையிலிருந்து பறப்பதுவரை இரண்டு மூன்று வாரம்தான்.

இத்தனையும் அநேகமாக ஒரே ஒரு பூச்சிக்குள்தான் நடக்கும், மரவள்ளி மாவுப்பூச்சிக்குள். மிக நெருங்கிய உறவில் ஒன்றிரண்டை எப்போதாவது தொடலாம். அவையும் பயிரைக் கெடுக்கிறவை என்பதால் யாரும் அழப்போவதில்லை. மற்றபடி தேனீயோ பட்டுப்புழுவோ நெல்லோ இதற்குப் பொருட்டே இல்லை.

எவ்வளவு பிடிவாதமான நாக்கு என்பதற்கு இதன் வரலாறே சாட்சி. மரவள்ளியின் தாய்வீடு தென் அமெரிக்கா. போர்ச்சுகீசியர்கள் வழியாக ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே கோடிக்கணக்கானவர்களின் அன்றாடச் சோறாகவே ஆனது. காங்கோ பக்கம் இலையைக் கீரையாகவும் சமைப்பார்கள். 1970களின் தொடக்கத்தில் அந்த மாவுப்பூச்சி காங்கோ ஆற்றோரம் தலைகாட்டியது. இதில் ஆண் பூச்சியே கிடையாது. ஒற்றைப் பெண் போதும், சேர்க்கை இல்லாமலே நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். நடுவதற்கு வெட்டிய ஒரு விதைக்குச்சியின் கணுவில் ஒட்டிக்கொண்டு போனால் புது ஊர் தயார். பத்து வருடத்துக்குள் இலையும் போய்க் கிழங்கும் போய், பல நாடுகளில் பஞ்சம் வரும் நிலை.

நைஜீரியாவின் இபாதானில் உள்ள வெப்பமண்டல வேளாண்மை ஆய்வு நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரென் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் இதற்குப் பொறுப்பேற்றார். பூச்சியின் சொந்த ஊரில் அதை அடக்கி வைத்திருப்பது எது என்று தேடினார்கள். தென் அமெரிக்காவின் வடபகுதியில் அச்சு அசலாக அதே மாதிரி ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் குளவிகளைக் கொண்டுவந்து பார்த்தால், ஆப்பிரிக்கப் பூச்சிக்குள் அவை பெருகவே இல்லை. ஆராய்ந்ததில் அது வேறு இனம் என்று தெரிந்தது, அதில் ஆணும் உண்டு. மனிதக் கண்ணுக்குப் பிடிபடாத வித்தியாசம் குளவிக்குத் தெரிந்திருக்கிறது. உண்மையான பூச்சியை 1981ல் பராகுவேயில் அந்தோனி பெலோட்டி கண்டுபிடித்தார். அங்கே கிடைத்த குளவியை லண்டனில் தனிமைக் கூடத்தில் வளர்த்து, அதே வருடக் கடைசியில் நைஜீரியாவில் விட்டார்கள். பின்னால் விமானத்திலிருந்தும் தூவினார்கள். மரவள்ளி விளைகிற ஆப்பிரிக்க நாடுகள் பெரும்பாலானவற்றில் அது நிலைத்துவிட்டது. 1995ல் ஹெரெனுக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். இரண்டு கோடிப் பேர் பிழைத்தார்கள் என்று ஒரு மதிப்பீடு வழக்கமாகச் சொல்லப்படும். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் பெரிய காரியம்தான்.

சரி, சித்தப்பா சொல்லும் மழைக்கு வருவோம். அவர் சொல்வதில் பாதி உண்மை. மழை மாவுப்பூச்சியை அடித்துக்கொண்டு போகும், வறட்சியில்தான் அது கொழுக்கும். ஆப்பிரிக்காவிலும் இதே வாதம் வந்தது. ஆகவே சோதித்துப் பார்த்தார்கள். மாவுப்பூச்சி உள்ள கிளைகளில் சிலவற்றுக்கு வலைப்பை கட்டி, குளவி நுழையாதபடி வாயை மூடினார்கள். வேறு சிலவற்றுக்கு அதே பையைக் கட்டி வாயைத் திறந்து விட்டார்கள். பருவம் ஒன்று, செடி ஒன்று, மழையும் ஒன்று. மூடிய பைக்குள் பூச்சி பல மடங்கு பெருகியது, திறந்த பைக்குள் அடங்கியிருந்தது. இன்னொரு சோதனை எனக்கு இன்னும் பிடித்தது. ஒரு பாத்தியில் பூச்சிமருந்து அடித்தார்கள். குளவி செத்தது, மாவுப்பூச்சி ஏறியது. மெழுகுத்தூளைப் போர்த்திக்கொண்டு சுருண்ட குருத்துக்குள் பதுங்குகிற பூச்சிக்கு மருந்து சரியாகப் போய்ச் சேராது, வெளியே பறக்கிற குளவிமேல் முழுசாக விழும். கடையில் வாங்கி மூன்று தரம் அடித்தும் ஏன் கேட்கவில்லை என்று சித்தப்பாவே குழம்பியிருப்பார்.

நம் ஊர்க் கணக்கும் நீளமானதே. 2008ல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றிலும் ஏறியது. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருக்கு மூன்று குளவிகள் வந்தன. அவற்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே சக்கைப்போடு போட்டது. இன்று அந்தப் பூச்சியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த மரவள்ளிப் பூச்சி 2020ல் திருச்சூரில் முதலில் பதிவாயிற்று, பிறகு சேலம், நாமக்கல். பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் மையம் ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து குளவியைத் தருவித்து, 2022 மார்ச்சில் சேலம் ஜில்லா ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் விட்டது. நடுவில் இருக்கிற காலம் வெறும் தாமதம் இல்லை. வந்த குளவியோடு கூடவே நோயோ, குளவியையே தின்னும் இன்னொரு குளவியோ ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாதென்று பூட்டிய கூடத்துக்குள் வளர்த்துப் பார்ப்பார்கள். 1935ன் தேரைக்கு இந்த மாதிரி வடிகட்டல் எதுவும் நடக்கவில்லை.

இருபது வருடக் கேள்விக்கு நூறு வருடப் பதில் ஒன்று இருக்கிறது. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கச் செடி. மதராஸ் மாகாணத்தில் அது நிலத்தை வளைத்துப் பிடித்திருந்தது. 1926ல் இலங்கையிலிருந்து ஒரு செதில்பூச்சியைக் கொண்டுவந்து அதன்மேல் விட்டார்கள். சில வருடங்களில் கள்ளிக்காடுகள் சரிந்தன. அந்தப் பூச்சி இன்றுவரை கள்ளியை விட்டு வேறு பயிருக்கு மாறவில்லை.

ஆனால் உங்கள் பயத்துக்கும் கள்ளியிலேயே ஆதாரம் உண்டு, அதை மறைத்தால் நியாயமில்லை. அர்ஜென்டினாவின் கள்ளி அந்துப்பூச்சி ஆஸ்திரேலியாவில் 1920களில் பெரும் வெற்றி. கள்ளி அங்கே வந்தேறி, சொந்தக் கள்ளி எதுவும் இல்லை. அதே பூச்சியை 1957ல் கரீபியன் தீவுகளில் விட்டார்கள். 1989ல் அது புளோரிடாவில் தென்பட்டது. அங்கே கள்ளி சொந்தச் செடி, மெக்சிகோவில் சாப்பாடு, தேசியக் கொடியில்கூட இருக்கிறது. பூச்சியின் நாக்கு மாறவில்லை, ஊர் மாறியது. ஆகவே எதைத் தின்னும் என்று கேட்டபின், அதன் உறவுக்காரர்கள் அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்கவேண்டும். மரவள்ளிக் குளவியில் இரண்டுக்கும் எனக்குப் பதில் திருப்தி. எல்லாக் குளவிக்கும் இந்த நற்சான்று கொடுக்கமாட்டேன்.

குளவியைத் தின்ன எதைக் கொண்டுவருவது என்றீர்களே, ஒன்றும் வேண்டாம். மாவுப்பூச்சி குறைந்தால் குளவியும் பட்டினியில் குறையும். இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டில் இருந்துகொண்டே இருக்கும். முழுக்க ஒழியாது, ஒழியவும் வேண்டியதில்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். குளவியாவது அனுமதிச் சீட்டோடு வந்தது. மாவுப்பூச்சி யாரைக் கேட்டு வந்தது? 2014ல் தக்காளி ஊசிப்புழு, 2016ல் தென்னையின் சுருள் வெள்ளை ஈ, 2018ல் மக்காச்சோளப் படைப்புழு, 2020ல் இது. நாற்று, கன்று, விதைக்குச்சி, பழப்பெட்டி என்று எதிலும் ஏறி வருகின்றன. முள்ளுவாடி ரகம் வேண்டும், வெள்ளைத் தாய்லாந்து ரகம் வேண்டும் என்று லாரி லாரியாகக் குச்சி ஜில்லா விட்டு ஜில்லா போகிறது. அதை ஒருவரும் புரட்டிப் பார்ப்பதில்லை. யாரைப் போய்க் கேட்பது என்ற உங்கள் கேள்வியை நான் அங்கேதான் திருப்புவேன். குளவிக்கு விளம்பரம் இல்லாததற்கும் காரணம் தெரிந்ததே. ஒரு தரம் விட்டால் தானே பெருகிக்கொள்கிற சரக்கை வருடா வருடம் யாரால் விற்கமுடியும்?

சித்தப்பாவுக்குச் சொல்ல மூன்று விஷயம். பூச்சி உள்ள காட்டிலிருந்து விதைக்குச்சி எடுக்கவேண்டாம். எறும்பு சாரி சாரியாக ஏறினால் கவனிக்கச் சொல்லுங்கள், இனிப்புக் கழிவுக்காக அது மாவுப்பூச்சிக்குக் காவல் நின்று குளவியை விரட்டும். மூன்றாவது, எரு. சத்தில்லாத மணல் காட்டில் மாவுப்பூச்சி சின்னதாக இருக்கும். சின்னப் பூச்சிக்குள் பெரும்பாலும் ஆண் குளவிதான் வளரும், அதனால் முட்டை வைக்க ஆளில்லாமல் போகும். செடிக்குப் போடுகிற குப்பையும் மூடாக்கும் இப்படிச் சுற்றிக்கொண்டு குளவிக்கும் போய்ச் சேர்கிறது.

மழை பெய்யாத ஒரு மாதத்தில் சுருண்ட குருத்து ஒன்றைக் கிள்ளி, பள்ளிக்கூடத்து லென்ஸை வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பூச்சிகளுக்கு நடுவே பழுப்பாக, இறுகி, முனையில் வட்ட ஓட்டையோடு சில இருந்தால் குளவி இருக்கிறது, மருந்துக் கடைக்குப் போகவேண்டாம். ஒன்றுகூட இல்லையென்றால் ஏத்தாப்பூரில் விசாரித்துக் குளவி கேளுங்கள். பையன்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், சித்தப்பாவை எண்ணச் சொல்லுங்கள்.

அன்புடன்.